துணைமூச்சுக்காரி

பயம் வந்தால் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். பூமயிலுக்கு மூச்சு நின்றுவிடும். கடலுக்கடியில் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களின் பழக்கம் அது. தண்ணீருக்குள் திருக்கை உரசிக்கொண்டு போனாலும் சரி, கால் பாறையில் சிக்கினாலும் சரி, வாயை இறுக்கி மூடு, இருக்கிற காற்றைக் காப்பாற்று என்றுதான் அவர்கள் உடம்பு சொல்லும். கரையில் இந்தப் பழக்கம் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. கோரைப்பட்டினம் புயல் காப்பகத்தின் இரண்டாவது மாடியில், அவள் மார்பில் பட்டையைக் கட்டிய முதல் நாளன்று, அது அவளுடைய நாத்தனார் இருளாயியைக் கொல்லப் பார்த்தது.

மூச்சுக் கருவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற ஹபீபா பட்டையைக் கட்டிப் பெட்டியோடு இணைத்ததும், கட்டிலில் நினைவில்லாமல் கிடந்த இருளாயியின் நெஞ்சு பூமயிலின் நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது. அதைப் பார்த்துப் பூமயில் மிரண்டாள். மிரண்டதும் மூச்சை அடக்கினாள். கட்டிலில் இருந்த நெஞ்சும் நின்றது. பெட்டி அலறியது. அலறலைக் கேட்டு இன்னும் மிரண்டு இன்னும் இறுக்கமாக அடக்கினாள். மூச்சு விடுங்கள் அக்கா என்று ஹபீபா கெஞ்சிப் பார்த்தாள், தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள், கடைசியில் முதுகில் ஓங்கி ஓர் அறையும் வைத்தாள். படித்த படிப்பில் இல்லாத வைத்தியம், பலிக்கவும் இல்லை. கதவருகே நின்றிருந்த பூமயிலின் கணவன் நம்புராஜன்தான், "மேல வா புள்ள" என்று படகிலிருந்து கூப்பிடுவதைப் போலக் கூப்பிட்டான். பூமயில் மூச்சை விட்டாள். இருளாயியும் விட்டாள்.

அந்த ஆண்டு வந்த இன்ஃப்ளூயன்சாவுக்குக் கடற்கரை ஜனங்கள் கொண்டல் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று வீச ஆரம்பித்த வாரத்தில் ஊருக்குள் வந்ததால் அந்தப் பெயர். பலருக்கு இருமி, உடம்பு வலித்து, கஞ்சி குடித்துச் சரியாகிவிட்டது. சிலருக்கு நெஞ்சுக்குள் இறங்கியது. அப்படி இறங்கியவர்களைக் கிடத்தப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இடமில்லை என்று ஆனபோது, புயலுக்கு ஒதுங்குவதற்காகத் தூண்கள் மேல் கட்டிய காப்பகத்தையே அரசாங்கம் ஆஸ்பத்திரியாக மாற்றிவிட்டது. லிஃப்ட் கிடையாது. நோயாளிகளை ஏற்றவும் இறக்கவும் சாய்தளம் ஒன்று உண்டு.

முதல் நாள் அமளி அடங்கிய பிறகு நம்புராஜன் அந்தச் சாய்தளத்தில் நின்றுகொண்டு டாக்டர் தில்லைநாயகியை மடக்கினான். இத்தனை பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள், அது தானாக ஊதாதா, எதற்கு என் பெண்டாட்டியைக் கட்டிப்போடுகிறீர்கள் என்பது அவன் கேள்வி.

"ஊதும். ஒரே மாதிரி ஊதும். அதுதான் சிக்கல்" என்றார் டாக்டர். "நீங்க இப்ப எப்படி மூச்சு விடுறீங்கன்னு கவனிங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, நடுவுல ஒரு பெருமூச்சு. இந்தக் காய்ச்சல்ல நுரையீரல் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்குது. அந்தப் பெருமூச்சுதான் ஒட்டினதைப் பிரிச்சுவிடுது. ஒரே அளவா ஊதிட்டே இருந்தா நல்லா இருக்கிற இடம் கிழியும், ஒட்டின இடம் ஒட்டினபடியே கிடக்கும்."

"அப்ப பெட்டிக்குப் பெருமூச்சு விடக் கத்துக் குடுங்களேன்."

"குடுத்துப் பார்த்தாச்சு. கணக்குப் போட்டு விடுற பெருமூச்சு எடுபடலை. உயிரோட ஒரு ஆள் பக்கத்துல இருந்து விட்டாத்தான் எடுபடுது. ஏன்னு கேட்டா எனக்கும் முழுசாத் தெரியாதுங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நம்புராஜன் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை.

துணைமூச்சு என்று அதற்குப் பெயர். யாருடைய மூச்சும் யாருக்கும் பொருந்திவிடாது. நெஞ்சின் அளவு, மூச்சின் நீளம், அதன் போக்கு எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒருமுறை ஒட்டிய மூச்சை நடுவில் மாற்றினால் நோயாளிகளில் பாதிப் பேர் தாங்குவதில்லை. இருளாயிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கூடப் பிறந்த அண்ணன் என்று நம்புராஜனைத்தான் முதலில் சோதித்தார்கள். அவனுடைய பீடி குடித்த மார்பைப் பெட்டி ஒரு நிமிடம்கூடச் சகித்துக்கொள்ளவில்லை. அடுத்து உட்கார்ந்த பூமயிலுக்கு உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஹபீபாவுக்கே ஆச்சரியம். ஊருக்கு இன்னும் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் கரையில் அந்த இரண்டு பேரும் கீரியும் பாம்பும். தெருக்குழாயில் யார் குடம் முன்னால் என்பதில் ஆரம்பித்தால், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது என்பது வரை போகும். கடலில் மட்டும் அவர்கள் ஜோடி. ஒருத்தி மூழ்கும்போது மற்றவள் மேலே மிதந்தபடி காவல் இருப்பாள், அவள் வந்ததும் இவள் இறங்குவாள். சிறு வயதிலிருந்து அப்படி மாற்றி மாற்றி இறங்கியதில் இரண்டு பேருக்கும் மூச்சு ஒரே அளவாகிவிட்டிருந்தது.

துணைமூச்சுக்காரியின் பாடு லேசானதல்ல. தூங்கும்போதும் பட்டை மார்பில் இருக்க வேண்டும். சாப்பிடுவது, ஈரத்துணியால் உடம்பு துடைப்பது, எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. மெதுவாகப் பேசலாம், தும்மலாம், இருமலாம். அவற்றையெல்லாம் பெட்டி வடிகட்டிவிடும். அதற்கு வடிகட்டத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அழுகை ஆரம்பிக்கும்போது பெருமூச்சு மாதிரியேதான் ஆரம்பிக்கும். நுரையீரலுக்கு வேண்டியது என்று நினைத்துப் பெட்டி அதை முழுசாக உள்ளே விட்டுவிடும். அடுத்து வருகிற விக்கலும் குலுங்கலும் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற நுரையீரலில் போய் அடிக்கும். வேறொரு ஊரில், மனைவிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தாயார் இறந்த செய்தி கைபேசியில் வந்தது. அவர் அழுது முடிப்பதற்குள் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் எல்லா இடத்திலும் விதி வந்தது. துணைமூச்சுக்காரருக்குக் கைபேசி கிடையாது, பார்வையாளர் கிடையாது, கெட்ட சேதி கிடையவே கிடையாது.

பூமயில் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. கடலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குகிறவளுக்கு இந்தப் பட்டை ஒரு சுமையா என்று கேட்டாள். ஆனால் ஆஸ்பத்திரிச் சோறு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை. நம்புராஜன் தினமும் மீன் குழம்பு வைத்து, தூக்குவாளியில் சோறும் குழம்புமாகச் சாய்தளத்தின் கீழே கொண்டுவந்து தருவான். வீட்டில் குழம்பு வைப்பது எப்போதும் அவன்தான், அவள் கடலுக்குப் போகிறவள் என்பதால். புளி தூக்கலாக, காரம் கண்ணில் நீர் வரும்படி இருக்கும். ஹபீபாதான் வாங்கிக்கொண்டு மேலே வருவாள். திறந்ததும் பூமயில் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். உப்பு அதிகம், மீனை உடைத்துவிட்டார், புளியை ஊற்றச் சொன்னால் கடலையே ஊற்றியிருக்கிறார். சாப்பிட்டு முடித்துக் கட்டிலைப் பார்த்து, "ஒனக்கும் சேத்துத்தான்டி திங்கிறேன், எந்திரிச்சு வா, சண்டைக்கு ஆளில்லாமக் கெடக்கேன்" என்பாள். இருளாயியின் விரல் நுனிகளில் நீலம் மறைந்து மெல்ல நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னதும் அந்த நாட்களில்தான்.

அதற்குள் நம்புராஜனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அவன் அதை இரண்டு மூன்று நாள் மறைத்திருக்கிறான். சாய்தளத்தில் தூக்குவாளியை நீட்டும்போது கை நடுங்கியதை ஹபீபா பார்த்துவிட்டு, பிடித்து உட்கார வைத்தாள். உதடெல்லாம் வெளிறியிருந்தது. அன்றே முதல் மாடியில் சேர்த்தார்கள், பூமயில் இருந்த அறைக்கு நேர் கீழே. ஆக்சிஜன் போதவில்லை. குழாய் போட்டுப் பெட்டியில் இணைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அவனுக்குத் துணைமூச்சு யார் என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் பூமயிலைத் தவிர யாருமில்லை. மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் அவன் ஹபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பூமயில வரச் சொல்லு தங்கச்சி" என்றான்.

ஹபீபா மாடிப்படியை நோக்கித்தான் நடந்தாள். டாக்டர் குறுக்கே வந்து நின்றார்.

"அவங்ககிட்ட கேக்கணும் மேடம்" என்றாள் ஹபீபா. "புருஷனா, நாத்தனாரான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. நாம இல்லை."

"கேக்குறதே முடிவு பண்ற மாதிரிதான். கேட்ட நிமிஷம் அவங்க நெஞ்சு குலுங்கும், இருளாயி போயிடுவா. அப்புறம் பட்டையைக் கழட்டி இவருக்குக் கட்டினா பொருந்தும்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

"அவர் கூப்பிடுறார் மேடம்."

"என் காதுலயும் விழுந்துச்சு ஹபீபா."

டாக்டர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அப்படி இருந்திருந்தால் ஹபீபாவுக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். இதை நான் முடிவு செய்தேன், பின்னால் யார் கேட்டாலும் என் பெயரைச் சொல் என்று சொல்லிவிட்டு, டாக்டர் முதலில் தன் மார்பிலேயே பட்டையைக் கட்டிப் பார்த்தார். சிவப்பு விளக்கு. ஹபீபா கட்டிப் பார்த்தாள். சிவப்பு. ஊருக்குள் ஆள் அனுப்பிக் கேட்டதில், பழகிய தோஷத்துக்காக ஆறேழு பேர் வந்தார்கள். தபால்காரர் ஆரோக்கியத்துக்கு மட்டும் மஞ்சள் எரிந்தது. மஞ்சள் என்றால் பொருந்தியும் பொருந்தாமலும். அவர் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் தூக்குவாளி பிரச்சினை வந்தது. சோறு வராவிட்டால் பூமயில் ஏன் என்று கேட்பாள். ஹபீபா தூக்குவாளியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவளுடைய உம்மா கீழக்கரைக்காரர். நோயாளி வீட்டுக்கு என்றதும் மனம் இளகி, நல்ல விளைமீனாக வாங்கி, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, ரம்பை இலையைக் கிள்ளிப் போட்டு மணக்க மணக்க வைத்துக் கொடுத்தார். அந்த மணத்திலேயே பிறந்து வளர்ந்தவள் ஹபீபா. அதில் வித்தியாசம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. மீன் குழம்பு என்றால் மீன் குழம்பு.

பூமயில் தூக்குவாளியைத் திறந்தாள். ஒரு வாய் வைத்தாள். பிறகு அவள் மூச்சு நின்றது. கட்டிலில் இருளாயியின் நெஞ்சும் நின்றது. ஹபீபாவின் கண் பெட்டிக்கு ஓடியது, கை தன்னால் பெட்டியின் பொத்தானுக்குப் போனது.

"அக்கா, மேல வாங்க" என்றாள்.

பூமயில் வந்தாள். நிதானமாக ஒரு நீண்ட மூச்சு, அதற்குப் பின் வழக்கமான மூச்சு. முள் தொண்டையில் பட்டதா என்று ஹபீபா கேட்டதற்கு ஆமாம் என்று தலையசைத்தாள். குறை எதுவும் சொல்லவில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு வாளியைக் கழுவிக் கொடுத்தாள். குழம்பு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று ஹபீபா நினைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

முதல் மாடியில் ஆரோக்கியம் தன்னால் ஆனதைச் செய்தார். தூங்காமல் விழித்திருந்து, ஒவ்வொரு மூச்சையும் கவனமாக, யாருக்கோ பார்சல் எடுத்துக் கொடுப்பவரைப் போல விட்டார். கவனமாக விட்ட மூச்சு இயல்பான மூச்சாக இல்லை என்பதுதான் துரதிர்ஷ்டம். நம்புராஜனின் நுரையீரல் அதை ஏற்கவில்லை. உம்மாவின் குழம்பு மூன்றாம் முறை மேலே போய்ச் சேர்ந்த நாளில், மதியத்துக்கு முன்னால் அவன் இறந்தான். ஆரோக்கியம் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அழுவதற்கு அவருக்கு இனி தடையில்லை.

உடலை வாங்க நம்புராஜனின் பங்காளிகள் வந்தார்கள். பெண்டாட்டி எங்கே என்று கேட்டார்கள். ஹபீபா விஷயத்தைச் சொல்லி, தயவுசெய்து இங்கே சங்கு ஊத வேண்டாம், ஒப்பாரி வேண்டாம், மேலே இருக்கிற அக்கா காதில் விழுந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அடிக்க வருவார்கள் என்றே எதிர்பார்த்தாள். அவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். சங்குக்காரர் சங்கைத் துண்டில் சுற்றினார். ஊர் எல்லை தாண்டும்வரை சத்தமே இல்லாமல் ஒரு சாவு போவதை ஹபீபா அன்றுதான் பார்த்தாள். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்கு அப்போது புரியவில்லை.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. புருஷன் செத்தது தெரியாமல் ஒருத்தி அவனுடைய தூக்குவாளியில் தன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறாள். இதற்குக் காவல் இருப்பதற்கா இந்தப் படிப்பு படித்தோம் என்று இருந்தது. டாக்டரிடம் கேட்டால் கூடாது என்பார். கேட்காமலே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பெட்டியைக் கொஞ்ச நேரத்துக்கு, அது தானாக ஊதும் சாதாரண மூச்சில் போட்டால் இருளாயி தாங்குவாள், தாங்க வேண்டும். மறுநாள் தூக்குவாளி இல்லாமல் வெறுங்கையோடு மேலே போய், பூமயிலின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பூமயில் அவள் முகத்தைப் பார்த்தாள். பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லாத தாயி" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்க வீட்டுக் கொழம்புல தேங்காப்பால் ஊத்துறதில்ல. மொத நாளே தெரியும். அவுக வக்கலன்னு தெரியும். ஏன் வக்கலன்னு தெரியாது. நான் கேக்கல."

பூமயில் இருளாயியின் போர்வையைச் சரிசெய்தபடி தொடர்ந்தாள்.

"தண்ணிக்குள்ள இருக்கறவகிட்ட எங்காளுக துக்கம் சொல்ல மாட்டாக. புள்ளை செத்தாலும் சொல்ல மாட்டாக. அவ மேல வந்து, வள்ளத்தப் புடிச்சு, ஏறி ஒக்காந்து, மூச்சு வாங்கி முடிக்கணும். அப்பறந்தான் சொல்லணும். நடுவுல சொன்னா அவளும் போயிருவா." கட்டிலைக் காட்டினாள். "நான் இப்பத் தனியாவும் எறங்கல. இவளையும் கட்டிக்கிட்டு எறங்கியிருக்கேன். மேல வந்ததும் நானே ஒன்னக் கேக்கேன். அன்னைக்கு ஒண்ணு விடாமச் சொல்லணும்."

சொல்கிறேன் என்று ஹபீபா வாக்குக் கொடுத்தாள். சங்கைத் துண்டில் சுற்றியவர்களின் முகம் அப்போது அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பூமயில் மூச்சு விட்டதை ஹபீபா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். தெரியாமல் இருப்பது ஒரு நிலை, தெரிந்துவிடுவது ஒரு நிலை. தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது இரண்டையும்விடக் கடினம். பூமயில் அந்தப் பிடிவாதத்தைக் காலையில் கையில் எடுத்தால் தூங்கும்வரை கீழே வைப்பதில்லை. சில நேரம் கண் கலங்கும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனால் பட்டைக்கு அடியில் மூச்சு தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும், பெரியதும் சின்னதுமாக, நடுநடுவே இருளாயிக்கு வேண்டிய அந்தப் பெருமூச்சோடு. ஆஸ்பத்திரிச் சோற்றையே சாப்பிட்டாள். கட்டிலைப் பார்த்து வைவதையும் விடவில்லை. நீ மட்டும் பிழைக்காமல் போய்ப் பார், உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துச் சொன்னபோது, அது இப்போது வேடிக்கைப் பேச்சாக இல்லை.

இருளாயி பிழைத்தாள். அவளுடைய நெஞ்சு முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தானே மூச்சை இழுத்தது. பிறகு அடிக்கடி இழுத்தது. பூமயிலிடமிருந்து எடுப்பதைப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. ஒரு காலையில் டாக்டர் குழாயை எடுத்தார். இருளாயி இருமினாள், கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். ஆனால் மூச்சு மட்டும் நிற்கவில்லை. இனி அது அவளுடைய சொந்த மூச்சு. ஆபத்து முழுசாக நீங்கவில்லை, பழந்துணி மாதிரி இருக்கிறது நெஞ்சு, ஒரு வாரமாவது அவளை அதிரவே விடக்கூடாது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். பிறகு அவரே குனிந்து பூமயிலின் பட்டையைக் கழற்றினார்.

பூமயில் எழுந்து சாய்தளத்தில் இறங்கினாள். கால் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஹபீபா பின்னாலேயே போனாள். அடித்தூணுக்கு அருகில், வெயில் படும் இடத்தில் மணலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பூமயில், "சொல்லு தாயி" என்றாள்.

ஹபீபா ஒன்றையும் விடவில்லை. காய்ச்சல் வந்தது, கீழ் மாடியில் கிடத்தியது, தபால்காரர் மூச்சு கொடுத்தது, பொருந்தாமல் போனது, சங்கு ஊதாமல் எடுத்துப்போனது. இறந்துவிட்டார் என்ற சொல்லை மென்று முழுங்காமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது பூமயிலின் மூச்சு நின்றிருந்தது. இந்த முறை ஹபீபா மேலே வரச் சொல்லவில்லை. இந்த மூச்சை நம்பி இனி யாரும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் அடக்கிக்கொள்ளலாம்.

பிறகு அது வந்தது. அத்தனை நாள் பெட்டி பயந்துகொண்டிருந்த அந்த அழுகை, பெருமூச்சாக ஆரம்பித்து உடம்பையே உலுக்கிப்போட்டது. மணலில் கவிழ்ந்து கிடந்து அழுதாள். ஹபீபாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

வெகுநேரம் கழித்துப் பூமயில் நிமிர்ந்தாள்.

"என்னக் கேட்டாகளா?"

இந்தக் கேள்விக்குத்தான் ஹபீபா அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேருக்குமே பாரம் குறையும். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"கேட்டார் அக்கா. உங்களை வரச் சொல்லச் சொன்னார். நாங்க கூப்பிடலை."

"நீ மொத நா அந்தக் கொழம்பக் கொண்டாந்தப்ப, அவுக உசுரோட இருந்தாகளா?"

"இருந்தார்."

பூமயில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹபீபா அவள் காலைத் தொடக் குனிந்தாள். பூமயில் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. நான் ஓடியிருப்பேன், அவ செத்திருப்பா. அது தெரிஞ்சுதான் வாய மூடிட்டுத் தின்னேன்." பிடித்த கையை விட்டாள். "நீ சொல்லல. நான் கேக்கல. ரெண்டு பேருந்தான்."

மன்னிப்பா அது, பழியில் பங்கு கேட்பதா என்று ஹபீபாவுக்குத் தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அப்போது மேலேயிருந்து வார்டு ஆயா எட்டிப் பார்த்தாள். இருளாயி முழித்துவிட்டாளாம், அண்ணனைக் கேட்கிறாளாம், யாராவது வந்து ஏதாவது சொல்லுங்கள் என்றாள். ஹபீபா எழுந்தாள்.

"நீ போவாத" என்றாள் பூமயில். "ஒனக்குப் பொய் சொல்ல வராது. நான் போறேன். அவ இன்னும் தண்ணிக்குள்ளதான் கெடக்கா."

எழுந்து போய் அலையில் முகத்தைக் கழுவினாள். அழுகையில் பாதி அழிந்திருந்த குங்குமம் கடல் தண்ணீரில் முழுதும் போய்விட்டது. நெற்றியைத் தடவிப் பார்த்தாள். புருஷன் போன சேதி கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்த நெற்றியைத் தொட்டபடி, "பொட்டு இருக்குமா தாயி?" என்று கேட்டாள். "வெறும் நெத்தியாப் போனா அவ கண்டுபுடிச்சிருவா."

ஹபீபா பொட்டு வைக்கிற வழக்கம் இல்லாதவள். மாடிக்கு ஓடி, நர்ஸ்கள் அறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவைத்திருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள். ஹபீபாதான் அதை அவள் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒட்டினாள்.

சாய்தளத்தில் ஏறும்போது இந்த முறை பூமயில் சுவரைப் பிடிக்கவில்லை. அறைக்குள் போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, இருளாயியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதினி" என்றாள் இருளாயி. குரல் காற்றாகத்தான் வந்தது. "அண்ணன் எங்க?"

"வல வாங்கத் தூத்துக்குடி போயிருக்காக. வர நாளாகும்" என்றாள் பூமயில். "நீ பேசாம மூச்ச விடு."